டி-ஷர்ட் குவில்ட்: படிக்க முடிகிற போர்வை

பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி, ஒட்டுச் சேர்த்து நினைவுப் போர்வை தைப்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். பையன் ஹைஸ்கூல் முடித்துக் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறான் என்றால், அவன் ஆடிய பேஸ்பால் டீம், வாசித்த பேண்டு, போய்வந்த சம்மர் கேம்ப் எல்லாம் சதுரம் சதுரமாக ஒரே போர்வையில் அவன் கூடவே போகும். மாரத்தான் ஓடுகிறவர்கள் ஓடிய ஊர்களைத் தைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அவர் அலமாரியில் இருந்த டி-ஷர்ட்டுகளும் இதே வழியில் போவதுண்டு. இதையே தொழிலாகச் செய்து கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. சட்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் போர்வையாகத் திரும்பி வரும்.

கொஞ்ச நாளாக இதை நோண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் பேக்கப் எடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி, அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒன்றைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னாலே, எதை வைத்துக்கொள்கிறோம், எதைத் தூக்கிப் போடுகிறோம் என்று ஒரு முடிவு அதற்குள் ஒளிந்திருக்கும். டி-ஷர்ட் குவில்ட்டில் அந்த முடிவு தலைகீழாக எடுக்கப்படுகிறது என்பது என் கட்சி.

முதலில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். குவில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே ஒட்டுச் சேர்த்த துணி, நடுவில் தட்டையான பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்தால் குவில்ட். இதில் மேல் துணி டி-ஷர்ட்டாக இருக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. டி-ஷர்ட் நெய்த துணி இல்லை, பின்னிய துணி. நாம் பனியன் துணி என்போம், திருப்பூர்க்காரர்களுக்கு அது சிங்கிள் ஜெர்சி. நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால் இழுத்தால் நீளும், அதுவும் அகலவாக்கில் நன்றாகவே நீளும். வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இப்படி நெளிகிற துணியைச் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை பொருந்தத் தைப்பது பெரும்பாடு. அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே பின்பக்கம் ஃபியூசிங் வைத்து அயர்ன் பண்ணிவிடுகிறார்கள். ஒரு பக்கம் பசை உள்ள மெல்லிய துணி அது. டெய்லர் சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸுக்கு ஒல்லியான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் பசை இளகி ஒட்டியதும் பனியன் துணி ஆடாமல் அசையாமல் நிற்கும். பிறகு நெஞ்சில் இருக்கும் அச்சு நடுவில் வருகிற மாதிரி 14 அல்லது 15 அங்குலச் சதுரமாக வெட்டி, சதுரங்களுக்கு நடுவே பட்டை கொடுத்து இணைக்கிறார்கள்.

நெஞ்சில் இருக்கும் அச்சு பெரும்பாலும் பிளாஸ்டிசால். பிவிசி துகளை எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசரில் கலந்த மை. அது துணிக்குள் ஊறுவதில்லை, மேலே படலமாக உட்கார்ந்து, சுமார் 160 டிகிரி செல்சியஸில் இறுகுகிறது. அயர்ன் பாக்ஸ் நேரே பட்டால் மறுபடி இளகிவிடும், ஆகவே மேலே வேறு துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஊசி குத்திய ஓட்டை அந்தப் படலத்தில் மூடாது. தையல்காரர்களின் கவனம் முழுக்க இந்தப் படலத்தைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. அச்சுமேல் தைக்கலாமா கூடாதா, எத்தனை சூடு, எந்த ஊசி என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் போடும் ஒரு டி-ஷர்ட் 22 அங்குல அகலம், 29 அங்குல உயரம் என்று எடுத்துக்கொண்டால், முன்னும் பின்னும் சேர்த்து 1276 சதுர அங்குலம், கைகளைச் சேர்க்காமலே. அதில் 15 அங்குலச் சதுரம் ஒன்று என்றால் 225. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி குப்பைக்கோ துடைக்கிற துணிக்கோ போகிறது. எது அந்த மீதி? கழுத்துப் பட்டி, அக்குள், தோள், கை ஓரம், கீழ் மடிப்பு. அதாவது ஆள் அந்தச் சட்டைக்குள் இருந்ததற்கான தடயம் எங்கெல்லாம் இருக்குமோ அங்கெல்லாம். கழுத்து தளர்வது, அக்குள் மஞ்சளாவது, பையை ஒரே தோளில் மாட்டி மாட்டி அந்தப் பக்கம் மட்டும் நைந்துபோவது, இதெல்லாம் உலகத்தில் ஒரே ஒருவரால் மட்டும் செய்யக்கூடியவை. நெஞ்சில் இருக்கும் அச்சோ அதே நாளில் அதே ஷெட்டில் ஆயிரம் சட்டைகளுக்குப் போட்டது. என் தொழில் பாஷையில் சொன்னால், லாக் ஃபைலை அழித்துவிட்டு இன்ஸ்டாலரைப் பத்திரமாக பேக்கப் எடுத்து வைத்த கதை.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. குவில்ட்டுக்குச் சட்டை பொறுக்கும்போது அச்சு பளிச்சென்று இருப்பதைத்தான் எடுப்போம். எந்த டி-ஷர்ட்டின் அச்சு பளிச்சென்று இருக்கும்? அதிகம் போடாததில். ஆசைப்பட்டுப் போட்டுப் போட்டுத் துவைத்த சட்டையின் அச்சு வெடித்து உரிந்து போயிருக்கும், அதை ஒதுக்கிவிடுவோம். கான்ஃபரன்ஸில் சும்மா கொடுத்த, இரண்டு தடவைகூடப் போடாத டி-ஷர்ட் தேர்வில் முதலிடம் பிடிக்கும். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; அலமாரியில் பாதி அந்த வகைதான். ஆக, ஒரு ஆளின் வாழ்க்கைக்கு மிகக் குறைவாகச் சம்பந்தப்பட்ட சட்டைகள் அவர் நினைவாக மிஞ்சுகின்றன. மொத்தமாகப் பார்த்தால் அந்தப் போர்வை ஒரு ரெஸ்யூமே. படித்த இடம், வேலை செய்த கம்பெனி, ஓடிய ஓட்டம், கலந்துகொண்ட விழா.

இந்த விஷயத்தில் நான் இறங்கியதற்குக் காரணம் அப்படி ஒரு போர்வைதான். பெரியம்மா மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அத்தான் போன பிறகு அவருடைய டி-ஷர்ட்டுகளை ஒரு கடைக்கு அனுப்பிப் போர்வையாக வாங்கினாள். நாலுக்கு நாலு, 16 சதுரம். கம்பெனிச் சட்டைகள், பிள்ளைகளின் ஸ்கூல் சட்டைகள், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாச் சட்டை, நிதி திரட்டும் ஓட்டம் ஒன்றிரண்டு. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். மூலை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் நான் அத்தானை நினைத்தால் கண்ணுக்கு வருவது, பாக்கெட் வைத்த சாம்பல் நிறச் சட்டை ஒன்று. படிக்கிற கண்ணாடியை எப்போதும் அதில் செருகி வைப்பார், அந்த பாக்கெட் வாய் பிளந்து தொங்கும். போர்வையில் அதைத் தேடினேன், இல்லை. அச்சு இருக்கிற சட்டையாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்களாம்.

"அதை என்னக்கா பண்ணின?"

"வச்சிருக்கேன்டா. அனுப்பச் சொல்லியிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அதை வெட்ட மனசு வராது."

இதை நான் பலவாறு யோசித்துப் பார்த்தேன். வெட்ட மனசு வந்த சட்டைகளை மட்டும் வைத்துத்தான் நினைவுப் போர்வை தைக்கிறோம் போலிருக்கிறது. வெட்ட மனசு வராதது அலமாரியிலேயே கிடக்கிறது. இதை அவளிடம் சொன்னபோது அவள் ஒப்புக்கொண்டாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ சொல்றதெல்லாம் சரிதான். ஆனா சின்னவ தினம் அதைப் போத்திக்கிட்டு உக்காந்துதான் ஹோம்வொர்க் பண்றா. சட்டையைப் போத்திக்க முடியுமா?"

முடியாதுதான். இந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு பழைய குவில்ட் ஒன்றைப் பார்ப்போம். இறந்தவர் துணியில் போர்வை தைப்பது டி-ஷர்ட்டோடு வந்த வழக்கம் இல்லை. அமெரிக்காவிலேயே இதற்கு நீண்ட முன்கதை உண்டு, அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1942இல் மிசௌரி பெட்வே தைத்தது.

ஊர் ஜீஸ் பெண்ட், அலபாமா மாநிலம். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சாவளியினர் வாழும் கிராமம். பெட்வே என்ற குடும்பப் பெயரே பழைய பருத்தித் தோட்ட முதலாளியுடையது, ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர். 1932இல், கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, அவர் குடும்பத்தார் ஆள் அனுப்பி 60க்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து மாடு, கலப்பை, தானியம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். பத்து வருஷம் கழித்து அதே ஊரில் மிசௌரியின் கணவர் நதானியேல் பல மாதம் நோயில் கிடந்து இறந்தார். அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்து, அவரை நினைத்து அதன் அடியில் படுத்துக்கொள்ளப் போகிறேன் என்று மிசௌரி சொன்னதாக மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பேன்ட் கால்கள், சட்டையின் கீழ்ப்பகுதிகள், கிழிக்க மகளே கூட இருந்திருக்கிறார். பேன்ட்டின் கால் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால், ஒரே அகலத் துண்டாக வரும்படி வெட்டி நேராக்க வேண்டியிருந்தது என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது. அவரிடம் இருந்த துணி அத்தனையும் சேர்ந்துதான் அந்தப் போர்வைக்குச் சரியாக இருந்ததாம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மிசௌரியும் வெட்டினார், நேராக்கினார். அந்த வகையில் நியூஜெர்சிக் கடைக்காரருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், அவர் பொறுக்கவில்லை. பொறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் உள்ளே போயிற்று. சுமார் 90 அங்குலத்துக்கு 69 அங்குலம் என்ற அளவில் ஒரு மனிதர் விட்டுப்போன மொத்தத் துணி.

அதில் படிக்க ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது. வெயிலிலும் துவையலிலும் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு அளவுக்கு வெளுத்திருக்கிறது. அதே ஊர் லுடிஷா பெட்வே சுமார் 1950இல் தைத்த டெனிம் குவில்ட்டில் இது இன்னும் வெளிப்படை. பேன்ட் கால்களை நீளவாக்கில் பட்டைகளாக வைத்திருக்கிறார். பாக்கெட் பிரித்தெடுத்த இடத்தில் துணி வெளுக்காமல் பழைய நீலமாகவே நிற்கிறது, நிழல் மாதிரி. ஃபோட்டோவில்கூடத் தெரியும். குனிந்து நிமிர்ந்து உழைத்த ஒருவர் அந்தத் துணிக்குள் இருந்தார் என்பதற்கு அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகள் 2002இல் முதலில் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் அசந்துபோனார்கள். நியூயார்க் டைம்ஸில் மைக்கேல் கிம்மெல்மேன் மத்தீஸ், கிளே பெயர்களையெல்லாம் இழுத்தார். பாராட்டுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஒரு விதத்தில் நெஞ்சுப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுப்பதுதான். நிறமும் வடிவமும் மிஞ்சின, நதானியேலின் பேன்ட் கழன்றுபோயிற்று. அந்தக் குறையை லிசா கெய்ல் காலின்ஸ் 2023இல் சரிசெய்தார். மிசௌரியின் இந்த ஒரே குவில்ட்டை மையமாக வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒரு போர்வைக்கு ஒரு புத்தகமா என்று நினைத்துக்கொண்டுதான் நான் அதற்குள் போனேன். துணி, பருத்தி, கடன், துக்கம் என்று அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போகிறபோது இன்னும் கொஞ்சம் நீளலாமே என்று இருந்தது.

இத்தனையும் சொன்னதால், எழுத்து இருந்தாலே மட்டம், வெளுத்த டெனிம்தான் உசத்தி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேர் எதிரான உதாரணம் எய்ட்ஸ் நினைவு குவில்ட். கிளீவ் ஜோன்ஸ் தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மேனுக்காகச் செய்த துண்டில் தொடங்கியது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் நேஷனல் மால் புல்வெளியில் விரித்தபோது 1920 துண்டுகள் இருந்தன, இன்று ஏறத்தாழ 50,000. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆளைப் புதைக்கிற குழியின் அளவு. அதில் பெயர்தான் எல்லாம். எய்ட்ஸ் என்று சொல்லவே கூசி, மரணச் செய்தியில்கூட காரணத்தை மறைத்த காலத்தில், பெயரைப் பெரிதாகத் தைத்துப் பொதுவெளியில் விரிப்பது ஒரு அரசியல் செயல். படிக்க முடிய வேண்டும், தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். டி-ஷர்ட், ஜீன்ஸ் எல்லாம் அதிலும் உண்டு. பல துண்டுகளில் சட்டை வெட்டப்படாமல், கைகளை விரித்தபடி முழுச் சட்டையாகவே தைக்கப்பட்டிருக்கிறது.

இதோடு வைத்துப் பார்த்தால் டி-ஷர்ட் குவில்ட்டில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். அத்தனை எழுத்து இருக்கிறது, கம்பெனிப் பெயர், ஊர்ப் பெயர், வருஷம், ஸ்பான்சர் பெயர்கள் பன்னிரண்டு. யாருக்காகத் தைத்தார்களோ அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அக்காவின் போர்வையிலும் அத்தான் பெயர் எங்கும் இல்லை. அவருக்கு சாஃப்ட்வேர் விற்ற ஒரு கம்பெனியின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. டி-ஷர்ட்டுக்கு நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நதானியேலின் பேன்ட் அப்படி நைந்ததற்குக் காரணம் அவரிடம் வேறு இல்லாததுதான். அந்த அழகை வறுமை செய்தது. நம்மிடம் முப்பது டி-ஷர்ட் இருந்தால் எதுவும் அந்த அளவுக்கு நையாது, நைவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே இன்றைய ஆளின் துணியில் தேடினாலும் கிடைக்கிற தடயம் குறைவுதான், மிஞ்சுவது அச்சுதான் என்று ஒருவர் வாதாடலாம். பாதி ஏற்கிறேன். ஆனால் முப்பதிலும் மாற்றி மாற்றிப் போடுவது நாலைந்துதானே? அந்த நாலைந்தும் குவில்ட்டுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுவது எந்தக் கணக்கில் சேரும்?

அதற்கு ஃபியூசிங்கும் ஒரு காரணம். எல்லாச் சதுரமும் ஒரே அளவு, எல்லாம் ஒரே மாதிரி விறைப்பு என்று முடிவு செய்துவிட்டால், தொளதொளத்த கழுத்துக்கும் பாக்கெட்டுக்கும் அங்கே இடம் கிடையாது. பல வருஷத் துவையலில் வந்த அந்தக் குழைவு, பழைய பனியன் துணிக்கே உரிய ஒரே சொத்து, பசை பட்டதும் போய்விடுகிறது. அக்காவின் போர்வை கனமாக, கொஞ்சம் அட்டை மாதிரிதான் இருக்கிறது. பசை இல்லாமலும் செய்யலாம். பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்து, நீளாமல் அதோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். முனை உருண்டையான ஊசி போட்டால் அது பனியன் துணியின் வளையங்களை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். மெதுவாகத்தான் வேலை ஓடும், மூலைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஜீஸ் பெண்டில் எந்த மூலை நேராக இருக்கிறது?

வங்காளத்துக் காந்தாவில் வழி இன்னும் சுலபம். பழைய புடவை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேராக ஓடும் சின்னச் சின்னத் தையலால் சேர்த்துவிடுகிறார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தைக்கவும் ஆகிறது. பசையும் வேண்டாம், சதுரமும் வேண்டாம். நம் 'கந்தை'யும் இந்தக் 'காந்தா'வும் சமஸ்கிருத 'கந்தா'வோடு சேர்ந்தவை, தமிழ் லெக்சிகனும் கந்தையை அதோடுதான் இணைக்கிறது. நமக்கு அது கிழிசலுக்குப் பெயராகவே நின்றுவிட்டது, அங்கே தைத்து முடித்த போர்வைக்குப் பெயராயிற்று. இதைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது.

அந்தச் சாம்பல் நிறச் சட்டையை வெட்டாமல் முழுசாக ஒரு பழைய காட்டன் புடவைமேல் வைத்து, காந்தா மாதிரி தைக்கலாம் என்று ஒரு படம் போட்டு அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே பக்கத்தில் கையால் தைக்கிற ஒரு வங்காளி அம்மா இருக்கிறாராம், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ் வந்தது. "பாக்கெட்டை மட்டும் தைச்சு மூடிடாதீங்கன்னு சொல்லணும்."